'சுவடு' என்று ஒற்றைச் சொல்லைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

மைத்துளி

வணக்கம். இறுதியாண்டு ஓவியத் திட்டப்பணிக்குத் தலைப்பு வந்துவிட்டது. ஒரே சொல்: சுவடு. விளக்கம் எதுவும் கிடையாது, ஊடகக் கட்டுப்பாடும் கிடையாது. நீர்வண்ணம், சிற்பம், புகைப்படம், அச்சு என்று எதில் வேண்டுமானாலும் செய்யலாமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தாளை விரித்து உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

இதுவரை எழுதி வைத்திருப்பவை: மணலில் காலடி, கைரேகை, ஓரம் கிழிந்த பழைய புகைப்படம், சுருக்கம் விழுந்த முதிய முகம், டைனோசர் எலும்பு. எல்லாமே நான் எங்கெங்கோ பார்த்துச் சலித்தவை. வகுப்பில் பாதிப் பேர் காலடியைத்தான் வரையப்போகிறார்கள். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வேறு மாதிரி யோசனைகளை எப்படிப் பிடிக்கிறீர்கள்? யோசனைப் பட்டியல் வேண்டாம். அதைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிவிட்டேன். அதன் முதல் வரியும் மணலில் காலடிதான்.

கேலிக்கோடு

மணலில் காலடி இல்லாமல் எந்த மாணவர் கண்காட்சியும் நிறைவடைந்ததாக வரலாறு இல்லை. பக்கத்தில் ஒரு சங்கும் வரைந்துவிடுங்கள்.

கரிக்கட்டி

முதலில் வரும் யோசனைகள் எல்லோருக்கும் முதலில் வருபவைதான். அவற்றை எழுதித் தீர்த்ததும் நல்லதே, இனி அவை குறுக்கே வந்து நிற்காது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். எதையெல்லாம் தள்ளினோம் என்பதும் திட்டப்பணியின் ஒரு பகுதி. மதிப்பிடுபவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

பல வருடங்களாக ஓவிய வகுப்பு எடுக்கிறேன். மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று: சொல்லுக்குப் படம் போடாதீர்கள். 'சுவடு' என்றதும் சுவடு எப்படி இருக்கும் என்று கேட்டால் மூளை உடனே ஓர் அடையாளப் படத்தை எடுத்து நீட்டிவிடும். அதற்குப் பதிலாக, சுவடு எப்படி *உண்டாகிறது* என்று கேளுங்கள். அழுத்துவதால், தேய்ப்பதால், கசிவதால், கீறுவதால், சூடு படுவதால், வெயில் படுவதால், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொடுவதால். ஒவ்வொரு வினைக்குப் பின்னாலும் ஒரு செய்முறை ஒளிந்திருக்கிறது. அழுத்தினால் அச்சு, கீறினால் செதுக்கு, வெயில் பட்டால் சயனோடைப். அந்த நீல அச்சு முறையை 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாள்மேல் பொருளை வைத்து வெயிலில் காட்டி, நீரில் அலசினால் பொருள் இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். ஒரு பொருள் அங்கே இருந்துவிட்டுப் போனதைத் தாளே பதிந்துகொள்கிறது. உங்கள் தலைப்புக்கு வேறென்ன வேண்டும்?

காலடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் லாங் 1967-இல் கல்லூரி மாணவராக இருந்தபோது ஒரு புல்வெளியில் நேர்க்கோட்டில் போவதும் வருவதுமாக நடந்தார். புல் படிந்து ஒரு கோடு தெரியும்வரை நடந்தார், அதைப் புகைப்படம் எடுத்தார், அவ்வளவுதான் படைப்பு. தூரிகை இல்லை, வண்ணம் இல்லை. இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. மணலில் ஒரு காலடியை அழகாக வரைந்திருந்தால் யாருக்கு நினைவிருக்கும்? யோசனை பழசா புதுசா என்பதைவிட அதை எவ்வளவு நேராகச் செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று மாலை வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று வாருங்கள். யோசிக்க வேண்டாம், அழகாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். எதன்மேல் எது தடம் விட்டிருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில்: யார் விட்டது, எதன்மேல், எவ்வளவு நேரம் தங்கும், யார் துடைப்பார்கள். அப்புறம் இங்கே வந்து சொல்லுங்கள்.

திசைகாட்டி

கரிக்கட்டி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிதான் ஆபத்து. வினைச்சொல், செய்முறை என்று இறங்கிவிட்டால் மாணவர்கள் ஸ்கெட்ச் புத்தகம் முழுக்கத் தேய்ப்புகளும் அச்சுகளுமாக நிரப்பிக் கொண்டுவந்து நிற்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். "இதில் நீ என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். மரப்பட்டையைத் தாளில் தேய்த்து எடுத்தால் மரப்பட்டையின் படி கிடைக்கும். படைப்பு கிடைக்குமா?

முதலில் கேள்வி வேண்டும். டோரிஸ் சால்செடோ 2007-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் பெருங்கூடத் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசலை உண்டாக்கினார். குடிபெயர்ந்து வந்தவர்களும் இனத்தால் ஒதுக்கப்பட்டவர்களும் நிற்கும் பிளவு அது. கண்காட்சி முடிந்ததும் விரிசலை நிரப்பி மூடிவிட்டார்கள். தழும்பு மட்டும் தரையில் இன்னும் தெரிகிறது. அது 'சுவடு'. யாரை வெளியே நிறுத்துகிறோம் என்ற கேள்வி இல்லாமல் அதே வேலையைச் செய்திருந்தால் வெறும் உடைந்த தரை.

மைத்துளி, உங்களை உறுத்துகிற விஷயம் என்ன என்று கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகு வீட்டைச் சுற்றலாம்.

அச்சுக்கல்

பதினேழு பதினெட்டு வயதில் ஒருவரை உட்காரவைத்து "உன்னை உறுத்துவது என்ன, சொல்" என்றால் போர், சுற்றுச்சூழல், கைபேசி அடிமைத்தனம் என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. கேட்ட உடனே வருகிற பதில் அதுதான், அதுவும் ஒரு மணல் காலடிதான்.

கை வேலை செய்யும்போது கண் எதையோ கவனிக்கும், கேள்வி அங்கிருந்து வரும். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் தங்கியிருந்த விடுதியில் மரத்தரை தேய்ந்து, இழை இழையாக எழும்பி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் தாளை அதன்மேல் போட்டுப் பென்சிலால் தேய்த்தார். அந்தத் தேய்ப்புகளுக்குள் காடும் விலங்கும் தெரிய ஆரம்பித்தன. காட்டை வரைய வேண்டும் என்று தரையைத் தேடிப் போகவில்லை.

இன்னோர் ஆளையும் பார்த்துவையுங்கள்: தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ். பெரிய தாளில் கரியால் வரைவார், கேமராவில் ஒரு சட்டகம் எடுப்பார், கொஞ்சம் அழிப்பார், திருத்தி வரைவார், மறுபடி எடுப்பார். ஒரே தாளில் காட்சி நகர்ந்துகொண்டே போகும். ஆனால் கரி முழுசாக அழியாது. முந்தைய கோடுகளின் சாம்பல் நிறப் பேய்கள் பின்னாலேயே வரும். அவருடைய ஊரின் வரலாறும், மறைக்கப் பார்த்தாலும் மறையாத விஷயங்களும் அந்த அழிப்பிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டன. திசைகாட்டி கேட்கும் கேள்வி செய்முறைக்குள்ளேயே இருக்கிறது.

திசைகாட்டி

கென்ட்ரிட்ஜ் நிறவெறி ஆட்சிக் காலத்தில் வளர்ந்தவர். கேள்வி அவருக்குள் முன்பே இருந்தது, கரி பிறகு கிடைத்தது. உங்கள் உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது.

அச்சுக்கல்

அதே காலத்தில் வளர்ந்த எல்லோருக்கும்தான் கேள்வி இருந்தது. கரியை அழித்துப் பார்த்தவர் அவர்.

கேலிக்கோடு

இந்த இழையின் சுவடாக நீங்கள் இருவர் மட்டுமே மிஞ்சப் போகிறீர்கள். மைத்துளி ஓடிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அழிப்பதைப் பற்றிப் பேச்சு வந்ததால்: ராபர்ட் ரௌஷன்பர்க் 1953-இல் புகழ்பெற்ற ஓவியர் வில்லெம் டி கூனிங்கிடம் போய் ஒரு வரைபடத்தைக் கேட்டு வாங்கினார், அழிப்பதற்காக. டி கூனிங் வேண்டுமென்றே அழிக்கக் கடினமானதாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாராம். மெனக்கெட்டு அழித்து, சட்டம் போட்டு மாட்டினார். ஒன்றுமே வரமாட்டேன் என்கிறது என்று சொல்லும் மாணவருக்கு இதைவிட ஆறுதலான படைப்பு இருக்க முடியாது.

பச்சைத்தூரிகை

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். எனக்கு வந்திருக்கும் சொல் 'மௌனம்'. சுவடாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். மௌனத்தை எங்கே போய்த் தேடுவது? வாயில் விரல் வைத்த முகமும் நிலா இரவும்தான் வருகின்றன. புகைப்படம்தான் என் ஊடகம்.

கரிக்கட்டி

பச்சைத்தூரிகை, அதே வழிதான். மௌனம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்று கேளுங்கள். ஒலிப்பதிவு அறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கூம்பு கூம்பான நுரைத்தகடுகள், காதுக்குள் திணித்து எடுத்த மெழுகடைப்பான் பிடித்திருக்கும் வடிவம், நூலக மேசைக்கால்களுக்கு அடியில் ஒட்டிய கம்பளித்துண்டு, உறை போட்டு மூடிய இசைக்கருவி. இவை எல்லாமே கேமராவுக்கு முன்னால் வைக்கக் கூடிய பொருள்கள். நிலா அளவுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. கைகளால் பேசுகிறவர்களுக்கு மௌனம் என்பதே வேறு. அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்து, அவர்களும் சம்மதித்தால் அது இன்னொரு திசை.

ஓவியர்களில் டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஹாமர்ஷோயைப் பாருங்கள். தான் குடியிருந்த வீட்டின் அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்தார். சாம்பல் வெளிச்சம், பாதி திறந்த கதவு, முதுகு காட்டி நிற்கும் மனைவி. புகைப்படக்காரர்களுக்கு அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சட்டகத்துக்குள் எதை வைக்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள். ஜார்ஜோ மொராண்டி வாழ்நாள் முழுக்க ஒரே சில புட்டிகளையும் டப்பாக்களையும் இடம் மாற்றி மாற்றி வரைந்தார். அதையும் பார்த்துவையுங்கள்.

பச்சைத்தூரிகை

மெழுகடைப்பான்! ஒவ்வொருவர் காதுக்கும் ஒவ்வொரு வடிவம் வரும் இல்லையா? வகுப்பில் எல்லோரிடமும் கேட்டு வாங்கினால் ஒரு தொடரே ஆகிவிடும். அழுக்காகத்தான் இருக்கும், ஆனாலும்...

கேலிக்கோடு

அழுக்கு இருந்தால்தான் உருவப்படம்.

வெள்ளைப்பலகை

நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவர். எங்கள் பள்ளியில் அடுத்த பருவத்துக்கு ஒற்றைச் சொல் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. முன்பு 'சுதந்திரம்', 'அன்பு', 'நம்பிக்கை' என்று கொடுத்துவந்தார்கள். வருடா வருடம் உடைந்த சங்கிலி, புறா, இதயம், இருட்டில் ஒரு மெழுகுவர்த்தி. குழந்தைகளைக் குறை சொல்லத் தோன்றவில்லை, சொல்லே சுவரொட்டியைக் கேட்கிறது. இங்கே நடக்கும் பேச்சைப் பார்த்தால் நல்ல சொல், மோசமான சொல் என்று ஒன்று இருக்கிறதுபோல. எப்படிப் பிரிப்பது?

கரிக்கட்டி

இருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: மூன்றையுமே எதிர்க்க முடியாது. அன்பு வேண்டாம் என்று எந்த மாணவர் வரைவார்? பதில் முன்பே தெரிந்துவிட்டதால் அலங்காரம் செய்வது மட்டும்தான் மிச்சம்.

எனக்குப் பிடித்த சொற்கள் கொஞ்சம் உலர்ந்தவை. மடிப்பு, விளிம்பு, கசிவு, இடைவெளி, எடை, துளை, முடிச்சு, அடுக்கு. இவற்றில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இருக்கின்றன. மடிப்பு என்றால் ஒருவர் துணிக்குப் போவார், ஒருவர் தோலுக்கு, ஒருவர் வரைபடத்தாளுக்கு, ஒருவர் மலைகளின் பாறை அடுக்குக்கு. பொருளையும் தொடலாம், மனத்தையும் தொடலாம். சோதிக்க ஒரு வழி: சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு, வகுப்பறைக்குள்ளேயே அது எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். எழுந்து நடந்து தேட முடிந்தால் நல்ல சொல். எல்லோரும் விட்டத்தைப் பார்த்து யோசித்தால் மாற்றிவிடுங்கள்.

திசைகாட்டி

இதை மறுக்க வேண்டியிருக்கிறது. கனமான சொற்களைக் குழந்தைகளிடமிருந்து எடுத்துவிட்டால் அவர்களுக்கு மடிப்பும் துளையும்தான் மிஞ்சும். ஒரு மாணவருக்கு உண்மையிலேயே 'வீடு' என்ற சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கலாம்.

அச்சு ஓவியர் சரீனா ஹாஷ்மியைப் பாருங்கள். இந்தியப் பிரிவினையால் குடும்பம் எல்லை தாண்டிப் போனது. அவர் வாழ்நாளில் பல நாடுகளில் இருந்தார். 1999-இல் 36 மரச்செதுக்கு அச்சுகள் கொண்ட ஒரு தொகுப்பு செய்தார். ஒவ்வோர் அச்சுக்கும் ஓர் உருதுச் சொல்தான் தொடக்கம். ஒரு சொல், ஒரு அச்சு. அதாவது நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அதே வேலை. வீடு என்ற பெரிய சொல்லை அவர் பயந்து ஒதுக்கவில்லை.

அச்சுக்கல்

ஒதுக்கவில்லை, உடைத்தார். அந்தத் தொகுப்பை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதற்காகத்தான். வீடு என்று மொத்தமாக ஓர் அச்சு எடுத்திருந்தால் கூரையும் கதவும் கொண்ட ஒரு கட்டம் வந்திருக்கும். வாசற்படி, முற்றம், சுவர் என்று சின்னச் சொற்களாகப் பிரித்து, அவற்றையும் சில கோடுகளுக்குள் சுருக்கிவிட்டார். பார்த்தால் ஒரு தரைவரைபடம்போல இருக்கும், ஆனால் இழப்பு முழுக்க அதற்குள் இருக்கிறது. வெள்ளைப்பலகை, இதிலேயே உங்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பெரிய சொல்லைக் கொடுத்தே தீரவேண்டும் என்றால், அதைத் தொடக்கூடிய சின்னச் சொற்களாக மாணவர்களையே உடைக்கச் சொல்லுங்கள். பிறகு பெரிய சொல்லைப் பலகையிலிருந்து அழித்துவிடுங்கள்.

திசைகாட்டி

சரி. இதை ஒப்புக்கொள்கிறேன். நேரடியாக வீட்டை வைத்தே வென்றவர்களும் உண்டு என்பதைப் பதிவுசெய்துவிட்டு: ரேச்சல் வைட்ரீட் 1993-இல் இடிக்க வேண்டிய ஒரு வீட்டின் உள்வெளி முழுவதையும் கான்கிரீட்டால் வார்த்து, வெளிச்சுவர்களை நீக்கிவிட்டார். காற்று இருந்த இடம் கல்லாக நின்றது. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அதையும் இடித்துவிட்டார்கள். மைத்துளிக்கும் இது பயன்படும், கதவும் சன்னலும் உள்ளே பதித்த தடங்கள்தான் அதன் முகப்பு.

வெள்ளைப்பலகை

மிக்க நன்றி. 'இடைவெளி', 'எடை', 'முடிச்சு' மூன்றையும் குறித்துக்கொண்டேன். 'வீடு' என்பதை உடைக்கும் பயிற்சியை வகுப்பில் செய்துபார்க்கிறேன். மைண்ட் மேப்பைக் கட்டாயமாக்க வேண்டுமா என்று ஒரு கேள்வியும் இருக்கிறது. நடுவில் சொல், சுற்றிலும் வட்டங்கள் என்று எல்லோரும் அழகாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் அதிலிருந்து எதையும் எடுப்பதில்லை.

அச்சுக்கல்

கட்டாயம் வேண்டாம். மூன்றாவது வட்டத்துக்கு அப்புறம்தான் அது உருப்படும், எல்லோரும் இரண்டாவதிலேயே நிறுத்தி வண்ணம் அடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மைத்துளி

ஓடவில்லை! வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கரிக்கட்டி சார், நீங்கள் கேட்ட பட்டியல்:

கதவின் அடிப்பக்கம் உரசித் தரையில் விழுந்த கால்வட்டக் கீறல். விட்டவர் கதவு, பல வருடம் தங்கும், யாரும் துடைக்க மாட்டார்கள். சுவிட்சைச் சுற்றிச் சுவரில் கறுப்பு, இருட்டில் தடவியவர்கள் எல்லோரும் சேர்ந்து விட்டது. படம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளிறாமல் ஒரு செவ்வகம். விசைப்பலகையில் எழுத்து மறைந்த நான்கைந்து பொத்தான்கள். நாற்காலி மெத்தையில் பள்ளம், அப்பாவுடையது, எழுந்ததும் மெதுவாக மேலே வரும்.

கடைசியாக ஒன்று. சாக்ஸைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி எலாஸ்டிக் பதிந்த தடம். வரி வரியாக, ஒரு துணியின் நெசவு முழுக்கத் தோலில் இருந்தது. வரைய ஆரம்பித்தேன், பாதி முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன்: கைக்கடிகாரப் பட்டை, மூக்கில் கண்ணாடியின் இரண்டு குழிகள், தோளில் பைப்பட்டை, தூங்கி எழுந்தால் கன்னத்தில் தலையணை மடிப்பு. உடம்பு முழுக்கச் சுவடு. எல்லாமே கொஞ்ச நேரத்தில் போய்விடுகின்றன. வீட்டில் இருந்த மற்றவற்றைவிட இதுதான் மண்டைக்குள் சுற்றுகிறது. இது ஒரு யோசனையாகத் தேறுமா, அல்லது வெறும் சாக்ஸா?

கரிக்கட்டி

தேறும். மற்றவற்றை இப்போதைக்கு மூடி வையுங்கள். கதவுக் கீறலும் நல்லதுதான், ஆனால் சாக்ஸைப் பற்றி எழுதும்போதுதான் உங்கள் எழுத்தே நீண்டிருக்கிறது பாருங்கள்.

மறைந்துவிடுகிறது என்பது தடை மாதிரித் தெரிகிறது, அதுதான் உங்கள் அமைப்பு. ஒரே தடத்தை அது மறையும்வரை வரையுங்கள். சாக்ஸைக் கழற்றியதும் முதல் வரைபடம், அப்புறம் சீரான இடைவெளியில் அடுத்தடுத்து. வேகமாக வரைய வேண்டியிருக்கும், அதனால் கோட்டில் அலங்காரத்துக்கு நேரம் இருக்காது. பிரெஞ்சு ஓவியர் மோனே ரூவான் நகரத் தேவாலய முகப்பை 30-க்கும் மேற்பட்ட ஓவியங்களாக வரைந்தது வெளிச்சம் மாறிக்கொண்டே போனதால்தான். உங்களுக்குத் தோல் மாறுகிறது.

திசைகாட்டி

இப்போது என் பங்குக்கு. தடம் விடும் பொருள்களின் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். சாக்ஸ், கடிகாரம், கண்ணாடி, பைப்பட்டை. இதில் எவற்றை நீங்கள் விரும்பி அணிந்தீர்கள், எவற்றை அணியச் சொன்னார்கள்? சீருடை, நேரம், புத்தகச் சுமை. ஒரு பள்ளிநாள் முடியும்போது உடம்பில் எது எங்கே அழுத்தியிருக்கிறது என்று ஒரு வரைபடமே போடலாம். வேலைக்குப் போகிறவர்கள் உடம்பில் வேறு தடங்கள் இருக்கும்: தலைக்கவசம், கையுறை, முகக்கவசம். கேள்வி தானாகவே வந்து நிற்கிறது, நான் கொண்டுவரவில்லை. அச்சுக்கல் இதைப் படித்துச் சிரிப்பார் என்று தெரியும், சிரிக்கட்டும்.

அச்சுக்கல்

சிரிக்கவில்லை. நல்ல கேள்வி. குறிப்பாக 'வரைபடம்' என்ற எண்ணம்.

ஊடகம் பற்றிச் சொல்கிறேன். இதற்கு மையே வேண்டாம். மையில்லாப் புடைப்பு அச்சு செய்துபாருங்கள். தடித்த பருத்தித்தாளை நீரில் நனைத்து, ஒற்றுத்தாளால் மேல் ஈரத்தை எடுத்துவிட்டு, சாக்ஸின் எலாஸ்டிக்கையோ பட்டையையோ கீழே வைத்து, மேலே தாளையும் கம்பளித்துணியையும் போட்டு உருளையால் அழுத்தும் அச்சுப் பொறியில் ஓட்டினால் துணியின் நெசவு வெள்ளைத்தாளில் குழிந்து நிற்கும். தோலில் நடப்பது அப்படியே தாளில் நடக்கும். வித்தியாசம் ஒன்றுதான், தாள் மறக்காது. பொறி இல்லையென்றால் கரண்டியின் முதுகால் பொறுமையாகத் தேய்த்தும் எடுக்கலாம், கொஞ்சம் மங்கலாக வரும். தாள் நன்றாகக் காயும்வரை பலகையில் நாடா ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் சுருண்டுவிடும்.

மறைவதைக் காட்ட வேண்டுமென்றால் ஒரே எலாஸ்டிக், ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். கடைசித் தாளில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்கக் கூடாது.

மைத்துளி

இது அருமை! தோலையே வார்ப்பு எடுத்தால் என்ன என்றும் யோசித்தேன். காலைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வைத்து?

அச்சுக்கல்

வேண்டவே வேண்டாம். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், தடிமனாக ஊற்றியிருந்தால் 60 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும், இறுகிய பிறகு கையையோ காலையோ வெளியே இழுக்கவும் முடியாது. தீக்காயம் ஆழமாகப் படும். உடல் வார்ப்புக்கு ஆல்ஜினேட் என்ற பொடி இருக்கிறது, பல்மருத்துவர்கள் பல் அச்சு எடுப்பதும் அதில்தான். அதில் தோலின் அச்சை எடுத்து, உடம்பை வெளியே எடுத்த *பிறகு* அந்த அச்சுக்குள் பிளாஸ்டரை ஊற்ற வேண்டும். ஆல்ஜினேட் காய்ந்தால் சுருங்கும், அதனால் தாமதிக்காமல் ஊற்றுங்கள். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மிஞ்சிய பிளாஸ்டரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் கல்லாகிவிடும்.

கேலிக்கோடு

நானும் ஒரு தடவை உருப்படியாகப் பேசுகிறேன். வெள்ளைத்தாளில் வெள்ளைப் புடைப்பை நேர் வெளிச்சத்தில் மாட்டினால் காலித்தாள் மாட்டியதாக நினைத்து எல்லோரும் கடந்து போய்விடுவார்கள். விளக்கைப் பக்கவாட்டில், தாளை உரசுகிற மாதிரித் தாழ்வாக வையுங்கள். நிழல் விழுந்தால்தான் குழி தெரியும். கண்ணாடிச் சட்டமும் வேண்டாம், பிரதிபலிப்பில் பாதி போய்விடும்.

மைத்துளி

எல்லோருக்கும் நன்றி. இப்போதைய திட்டம் இது. சாக்ஸ், கடிகாரப் பட்டை, கண்ணாடி, பைப்பட்டை நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். முதலில் தோலில் தடம் மறையும்வரை பென்சில் வரைபடங்கள், அவை ஸ்கெட்ச் புத்தகத்துக்கு. அப்புறம் சாக்ஸுக்கும் இரண்டு பட்டைகளுக்கும் அழுத்தம் குறைந்துகொண்டே போகும் புடைப்பு வரிசை. கண்ணாடியின் மூக்குத்தாங்கி தடிமனாக இருப்பதால் அது பொறியில் போகாது என்று நினைக்கிறேன். ஆசிரியரிடம் கேட்டு ஆல்ஜினேட்டில் மூக்கின் அந்தக் குழிகளை மட்டும் வார்க்கலாமா என்று பார்க்க வேண்டும். திசைகாட்டி சொன்ன உடல் வரைபடத்தைக் கடைசியில் வைக்கலாம், அதற்கு இன்னும் முழு வடிவம் வரவில்லை. மணல் காலடிப் பக்கத்தை முதல் பக்கமாக ஒட்டிவிட்டேன்.

அச்சுக்கல்

மூக்கை வார்க்கும்போது மூச்சுவழி திறந்திருக்க வேண்டும், குழிகள் இருக்கும் மேல்பகுதிக்கு மட்டும் பூசுங்கள், கண் பக்கம் போகாமல். சரியாகச் சொன்னால் மூக்குத்தாங்கியையே களிமண்ணில் அழுத்தி வார்ப்பது இதைவிடச் சுலபம், ஆபத்தும் இல்லை. பொறியில் ஓட்டும் முன் கடிகாரப் பட்டையின் உலோகக் கொக்கியைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் தாளும் கிழியும், கம்பளியும் போகும்.